யாருடைய சாட்சி

ஓட்டிசத்தைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை இல்லை. தலையைப் படமெடுத்தும் சொல்லிவிட முடியாது. நாற்பது கடந்தவர் மதிப்பீட்டுக்குப் போனாலும் அவருடைய ஐந்து வயதைத் தேடுகிறார்கள். அறிகுறிகள் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும் என்கிறது 2013இல் வந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு. ஆகவே பலநேரம் தாயைக் கேட்கிறார்கள். என் வாழ்க்கைக்கு ஒரு பெயர் கிடைக்க இன்னொருவரின் நினைவு ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த நினைவு மறுத்தால்?

என் பெரியம்மாவின் மகன் 1983இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், இப்போது லண்டனில். பெரியம்மாவுக்கு வந்த படிவத்தை நான்தான் தமிழில் வாசித்தேன். நாலு, ஐந்து வயதில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடினானா? "எண்பத்தேழில எந்தப் பிள்ளையை வெளியில விட்டது?" கண்ணைப் பார்த்துப் பேசுவானா? பெரியவர்களை நேரே பார்க்காமல் நிற்பதைத்தான் அவர் மரியாதை என்று பழக்கியிருந்தார். திடீர்ச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவானா? ஷெல் விழுந்த ஊர்க்காரியிடம் அதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

"என்ர பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை. அப்பிடியே எழுது."

தம்பிக்கு அது பொய்ச்சாட்சி. திமிர் பிடித்தவன், ஒட்டாதவன் என்று சொந்தக்காரர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். கலியாண வீடுகளில் கார் நிறுத்துமிடத்தில் போய் நிற்பவன். அந்த வசைகளுக்குப் பதிலாக வேறொரு சொல் இருக்கலாம் என்று இப்போதுதான் அறிந்திருக்கிறான். தாயின் ஒரு வரி அதைத் தட்டிப் பறித்துவிடலாம்.

பெரியம்மா பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. படிவம் வித்தியாசத்தைக் கேட்டது. அவருக்குக் கேட்டது குறை. குறை என்றால் அடுத்த கேள்வி யாரால் என்பதுதான். (மேற்குலகும் சளைத்ததல்ல. தாய் தகப்பன்மாரில், முக்கியமாகத் தாய்மாரில், பழியைப் போட்ட புரூனோ பெட்டல்ஹைமின் நூல் 1967இல் வந்தது.) அதற்காக மகனுடைய விளக்கத்தைத் தாயின் மனச்சமாதானத்துக்குப் பலி கொடுப்பதா? அதுவும் நியாயமில்லை. அந்தச் சிறுவனுக்குள் இருந்தவன் அவன் மட்டும்தான். ஆனால் அவனுடைய சாட்சியமும் சுத்தமானதல்ல. ஒரு பெயரை அறிந்தபின் பழைய நினைவுகள் அதைச் சுற்றி அடுக்கப்படும். மனிதரை வகைப்படுத்தினால் அந்த வகை மனிதரையே மாற்றுகிறது என்று மெய்யியலாளர் இயன் ஹாக்கிங் எழுதியிருக்கிறார். யுத்தமா, ஓட்டிசமா என்று பிரிப்பதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. ஷெல்லுக்குப் பயந்த பிள்ளைக்கு ஓட்டிசமும் இருந்திருக்கலாம்.

படிவத்தை மடித்து வைத்துவிட்டு, "அவன் எப்பிடிப்பட்ட பிள்ளை, பெரியம்மா?" என்று கேட்டேன். ஒரு மணித்தியாலம் பேசினார். பஸ் நேரங்களை வரிசை பிசகாமல் ஒப்புவிப்பானாம். நீலக்கரை வைத்த ஒரே கோப்பையில்தான் சோறு தின்பானாம். வேறு கோப்பை என்றால் பட்டினி. "தொண்ணூற்றைஞ்சில நாவற்குழிப் பாலத்தால நடக்கேக்கை அரிசியோட அந்தக் கோப்பையையும் எல்லே காவினனான்!"

படிவத்தின் கடைசியில் அரைப் பக்கம் வெறுமையாக இருந்தது. கோப்பையை அங்கே எழுதினேன். குறையுமில்லை என்ற வரியையும் அழிக்கவில்லை.