குறைந்த மதிப்பெண்ணும் பலனில் பற்றின்மையும்

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு முன்பாக, டிசம்பர், ஜனவரி மாதங்களில், நாட்டின் பல பகுதிகளிலும் உள்ள பள்ளிகள் ‘ப்ரீ-போர்டு’ எனப்படும் முன்தேர்வை நடத்துகின்றன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் கணிதப் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், பள்ளியின் அகமதிப்பீட்டுக்கு 20 மதிப்பெண். தேர்ச்சிக்கு நூற்றுக்கு 33 வேண்டும். முன்தேர்வில் 80-க்கு 17 மட்டுமே பெற்ற மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். பொதுத் தேர்வுக்கு இன்னும் எட்டு வாரங்களே உள்ளன.

வீட்டில் அவளுக்கு இருவகை அறிவுரை கிடைக்கிறது. மதிப்பெண் இல்லாவிட்டால் எதிர்காலமே இல்லை என்கிறார் தந்தை. கடமையை மட்டும் செய்துவிட்டுப் பலனை இறைவனிடம் விட்டுவிடச் சொல்கிறார் பாட்டி. இரண்டையும் கேட்ட மாணவியின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. பலனை விரும்பக் கூடாது என்றால், மதிப்பெண்ணை உயர்த்துவதற்காகப் படிப்பது தவறா? தவறில்லை என்றால், கீதையின் போதனை தேர்வு எழுதுவோருக்குப் பொருந்தாதா?

சிறுபிள்ளையின் ஐயம் என்று இதை ஒதுக்கிவிட இயலாது. அலுவலகத்திலும் வயலிலும் மருத்துவமனையிலும் உழைக்கும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாள் இதே கேள்வியை எதிர்கொள்கின்றனர்.

இலக்கும் பற்றும்

இலக்கு இல்லாமல் எந்தச் செயலும் வடிவம் பெறாது. நோயாளி குணமடைய வேண்டும் என்ற நோக்கமே மருத்துவர் எந்த மருந்தைத் தர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த நோக்கத்தைக் கைவிடுமாறு நிஷ்காம கர்மம் அவரிடம் கேட்பதில்லை. செயலின் பலனைக் கொண்டு தன்னையே அளந்துகொள்ளும் பழக்கத்தைக் கைவிடுமாறுதான் கேட்கிறது.

இந்த வேறுபாடு சாதகமான செய்தி வரும்போது வெளிப்படுவதில்லை. பாதகமான செய்தி வரும்போதுதான் வெளிப்படுகிறது. தன் பெயரையும் புகழையும் சிகிச்சையின் வெற்றியோடு பிணைத்துக்கொண்ட மருத்துவர், மருந்து பலிக்கவில்லை என்று காட்டும் பரிசோதனை அறிக்கையைப் பார்க்க அஞ்சுவார். அறிக்கையில் பிழை இருக்கலாம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார். பற்றற்றவரோ அதை அமைதியாகப் படித்து மருந்தை மாற்றுவார். நோயாளி பிழைக்க வேண்டும் என்ற விருப்பம் இருவருக்கும் உண்டு. ஆயினும் இரண்டாமவரின் பார்வையே தெளிவாக இருக்கிறது.

மாணவியின் விடைத்தாளும் அத்தகைய ஓர் அறிக்கைதான். பற்றின்மை என்றால் மதிப்பெண்ணை விரும்பாதிருத்தல் என்று பலர் எண்ணுகின்றனர். குறைந்த மதிப்பெண் பெற்ற தாளை முகம் திருப்பாமல் பார்க்கக்கூடிய மனநிலையே அவள் விஷயத்தில் பற்றின்மை. தேர்ச்சிக்கான வழியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முக்குணங்களின் மூன்று பதில்கள்

தோல்வியைக் கண்டதும் மனம் தன் குணத்திற்கேற்பப் பதில் சொல்கிறது. தமோகுணம் மேலிட்டால், ‘எனக்குக் கணக்கு வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறது. கேட்பதற்கு இது பணிவு போல் தோன்றும். உண்மையில் இது முயற்சியிலிருந்து தப்பிக்கும் வழியே. 80-க்கு 17 என்பது ஒரு நாளில் மூன்று மணி நேரத்தில் நிகழ்ந்ததைப் பற்றிய செய்தி. அதை ஒருவரின் இயல்பைப் பற்றிய நிரந்தரத் தீர்ப்பாக மாற்றுவதற்கு எந்தப் பிரமாணமும் இல்லை.

ரஜோகுணம் மேலிட்டால் பரபரப்பு தொடங்குகிறது. இரண்டு தனிப்பயிற்சி வகுப்புகள், மூன்று வழிகாட்டி நூல்கள், நள்ளிரவு வரை கண்விழிப்பு. ஒரு வாரம் இது நீடிக்கும். அதன் பின்னர் உடல் தளரும். பழைய தவறுகள் அப்படியே இருக்கும். கிணற்றில் ஊற்று எங்கே என்று பாராமல் நாற்புறமும் தோண்டுவது போன்றது இது.

சத்துவ குணமோ முதலில் பார்க்கிறது. எங்கே தவறியது, எதனால் தவறியது என்று கேட்கிறது. பின்னர் நாள்தோறும் குறித்த நேரத்தில், குறித்த அளவில் உழைக்கிறது. இடையறாத பயிற்சியைச் சான்றோர் அப்பியாசம் என்று சொன்னது தியானத்திற்கு மட்டும் உரியதன்று.

கடோபநிஷதத்தில் வரும் சிறுவன் நசிகேதன், தந்தையின் சினத்திற்கு ஆளானபோது தன்னைத்தானே எடைபோட்டுப் பார்க்கிறான். சிலரிடையே தான் முன்னிற்பவன் என்றும், சிலரிடையே நடுநிலையில் இருப்பவன் என்றும் அவன் காண்கிறான். தன்னை உயர்த்திக்கொள்ளவும் இல்லை, பயனற்றவன் என்று தாழ்த்திக்கொள்ளவும் இல்லை. உள்ளதை உள்ளபடி காணும் இத்தகைய மதிப்பீடும் சிரத்தையின் ஒரு பகுதியே.

கீழே இறங்கும் துணிவு

கணிதம் படிப்படியாகக் கட்டப்பட்ட பாடம். வரலாற்றில் ஓர் அத்தியாயம் தெரியாவிட்டாலும் அடுத்ததைப் படித்துவிடலாம். கணிதத்தில் அது இயலாது. பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் தவறியதாகத் தோன்றும் கணக்கை வரிவரியாகப் பார்த்தால், தவறு முக்கோணவியலில் இல்லாமல் பின்னங்களைக் கூட்டிய இடத்தில் இருக்கக்கூடும். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதியிருப்பாள். மேலே உள்ள எண்களையும் கீழே உள்ள எண்களையும் தனித்தனியே கூட்டிவிட்டாள்.

இந்தத் தவறை அவளே கண்டுகொள்ள முடியும். ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவு. அரையோடு ஒன்றைச் சேர்த்த பிறகு அது எப்படிக் குறையும்? இந்தக் கேள்வி எழுந்த கணத்தில், ஆறில் ஐந்து என்ற சரியான விடைக்கான கதவு திறக்கிறது.

ஆனால் அதற்கு அவள் ஆறாம், ஏழாம் வகுப்புப் பாடநூலை மீண்டும் எடுக்க வேண்டும். தடை இங்குதான் வருகிறது. பத்தாம் வகுப்பு மாணவி தன் தம்பியின் புத்தகத்தைத் திறப்பதா? தோழியர் கண்டால் என்ன எண்ணுவர்? இந்த நாணம் அறிவுக் குறைபாட்டால் வருவதன்று. அகங்காரத்தின் வேலை அது. எத்தனையோ மாணவர்கள் உடைந்த படியின் மேலேயே நின்றுகொண்டு மேற்படிக்குத் தாவ முயன்று ஆண்டுகளைக் கழிக்கின்றனர். ஒரு வாரம் கீழே இறங்கியிருந்தால் அந்தப் படி செப்பனிடப்பட்டிருக்கும்.

மனப்பாடமும் உண்மையும்

நாட்கள் குறைவாக இருக்கையில், விடைகளை அப்படியே மனப்பாடம் செய்துவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. நினைவாற்றலை இழிவாகக் கருத வேண்டியதில்லை. வேதங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது நினைவாற்றலே. வாய்ப்பாடும் சூத்திரங்களும் நினைவில் இருந்தே ஆக வேண்டும். புரியாத ஒன்றைப் புரிந்ததுபோல் எழுதுவதற்கு நினைவாற்றலைப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல் எழுகிறது.

ஒரு செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 3 மீட்டர் அதிகம். பரப்பு 40 சதுர மீட்டர். இருபடிச் சமன்பாடாக எழுதித் தீர்த்தால் அகலத்திற்கு இரண்டு மதிப்புகள் கிடைக்கும்: ஒன்று 5, மற்றது கழித்தல் 8. மனப்பாடம் செய்தவள் இரண்டாவதை அடித்துவிடுவாள்; ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. புரிந்தவளோ, எந்தச் செவ்வகத்திற்கும் பூச்சியத்தைவிடக் குறைவான அகலம் இருக்காது என்பாள். பின்னர் 5 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளம், பெருக்கினால் 40 என்று தானே சரிபார்ப்பாள். ஆசிரியரின் ஒப்புதலுக்காக அவள் காத்திருக்க வேண்டியதில்லை.

கணிதத்தின் அறப்பயன் இதுதான். ஒன்று உண்மையா என்பதைத் தானே சோதித்துப் பார்க்கலாம் என்று பிஞ்சு மனத்திற்கு அது கற்பிக்கிறது. தன்னை ஏமாற்றிக்கொள்ளாதிருக்கவும் பழக்குகிறது. விடைத்தாள் திருத்தும் முறையிலும் இதன் சாயல் உண்டு. இறுதி விடை தவறினாலும், சரியாக எழுதிய படிகளுக்கு மதிப்பெண் தரப்படுகிறது. ஆகவே தெரிந்த வரையில் நேர்மையாக எழுதப்பட்ட வரிகள் வீண்போவதில்லை.

விவேகத்துடன் தேர்ந்தெடுத்தல்

எட்டு வாரங்களில் அனைத்தையும் கற்க இயலாதபோது சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பது நேர்மையா? ஆம், நேர்மையே. அண்மை ஆண்டுகளின் பாடத்திட்டத்தில் 80-இல் இயற்கணிதத்திற்கு 20, வடிவியலுக்கு 15, முக்கோணவியலுக்கு 12, புள்ளியியலுக்கும் நிகழ்தகவுக்கும் சேர்த்து 11 என்று பங்கிடப்பட்டுள்ளது. புள்ளியியலும் நிகழ்தகவும் முந்தைய வகுப்புகளின் பாடங்களை ஓரளவே சார்ந்தவை. பின்னங்கள் தெளிவானதும் அவற்றில் தொடங்கலாம். பின்னர் இயற்கணிதத்திற்குச் செல்லலாம். நாள்தோறும் ஒன்றரை மணி நேரம். வாரம் ஒருமுறை நேரம் வைத்து ஒரு மாதிரி வினாத்தாள். அதில் செய்த ஒவ்வொரு தவறுக்கும் ஒரு தனிக் குறிப்பேட்டில் காரணம். கவனக்குறைவா, சூத்திரம் மறந்ததா, கருத்தே விளங்கவில்லையா என்று பிரித்து எழுதினாலே அடுத்த வாரத்தின் வேலை என்ன என்பது தெரிந்துவிடும்.

தேர்ந்தெடுத்ததை முழுமையாகக் கற்பது விவேகம். எந்தக் கேள்வி வரும் என்று ஊகித்துக் கற்பது சூதாட்டம். பிறர் விடையைப் பார்த்து எழுதுவதோ திருட்டு. மூன்றுமே மதிப்பெண்ணை உயர்த்தக்கூடும். ஆனால் தேர்வறையை விட்டு வெளியே வரும் மனிதர் மூன்றிலும் வெவ்வேறானவர்.

பெற்றோரின் பற்று

பற்றின்மையை மாணவியிடம் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமன்று. விடைத்தாளைக் கண்டதும் வீட்டில் புயல் வீசும் என்றால், அடுத்த விடைத்தாள் பையின் அடியில் ஒளிந்துகொள்ளும். தாள் மறைந்தால் குறையும் மறைந்து வளரும். குழந்தையின் மதிப்பெண்ணைக் குடும்பத்தின் கௌரவமாகக் கருதும் பெற்றோர், அறியாமலேயே குழந்தைக்குப் பொய்யைக் கற்றுக்கொடுக்கின்றனர். உறவினர் பிள்ளைகளோடு ஒப்பிடுவதும் அவ்வாறே.

ஆறுதல் சொல்வதிலும் உண்மை வேண்டும். ஐன்ஸ்டீன் கணக்கில் தோற்றவர் என்று பலர் சொல்வதுண்டு, அது உண்மையன்று. அவர் இளமையிலேயே கணிதத்தில் சிறந்து விளங்கினார். இராமானுஜனும் கல்லூரித் தேர்வில் தோற்றார் என்பது மெய்தான். ஆனால் அவர் தோற்றது மற்றப் பாடங்களில். மேதைகளின் கதைகளை விட, ‘17 வாங்கினாலும் நீ எங்கள் மகள்தான், வா, தவறு எங்கே என்று சேர்ந்து பார்ப்போம்’ என்ற ஒரு வார்த்தை அவளுக்குப் பெருந்துணை.

இதை அற்பமானது என்று எண்ணிவிடக் கூடாது. தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் இளம் உயிர்கள் மாய்ந்துபோன செய்திகள் நாளேடுகளில் வருகின்றன. பிள்ளையின் பேச்சும் உறக்கமும் மாறினால், மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு உடனே உதவியை நாட வேண்டும். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். தவறிய பாடத்தை மீண்டும் எழுதும் வாய்ப்பு வாரியத்தில் நெடுங்காலமாக உண்டு. 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு ஆண்டில் இரு தேர்வுகள் என்ற ஏற்பாட்டையும் வாரியம் 2025-இல் அறிவித்தது. மீண்டும் எழுத முடியாத தேர்வு ஏதுமில்லை. மீண்டும் பெற முடியாத உயிரை அதற்கு ஈடாக வைக்கலாகாது.

பாட்டியும் தந்தையும்

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். மதிப்பெண் வேண்டும் என்ற தந்தையின் சொல்லில் இலக்கு இருக்கிறது. பலனை இறைவனிடம் விடச் சொல்லும் பாட்டியின் சொல்லில் அந்த இலக்கை நோக்கி நடப்பதற்கான அமைதி இருக்கிறது. இரண்டும் சேரும்போது, அவள் 17 மதிப்பெண் தாளை மேசைமேல் விரித்து, முதல் தவறுக்கு அருகே காரணத்தை எழுதத் தொடங்குவாள்.

பிப்ரவரியில் 80-க்கு 30 வரலாம், 40 வரலாம். எதிர்பார்த்ததைவிடக் குறைந்தும் வரலாம். அதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, நாணாமல் கீழே இறங்கி, மீண்டும் படியேறப் பழகிய மனம் அவளுடையதாகிவிடும். வாழ்க்கையில் பின்னர் வரும் கடினமான தேர்வுகளில் பலவற்றுக்குப் பாடநூலே இருப்பதில்லை. அங்கும் அந்த மனம் அவளுக்குத் துணை நிற்கும்.