வாயில்லா ஜீவனும் வைரஸ் ஆய்வும்

கோவில்பட்டிக் கரிசலில், வெள்ளாமை முடிந்த புஞ்சைகளில் ஆட்டுக்கிடை அமர்த்துவது தொன்றுதொட்ட வழக்கம். ஆட்டின் காதிலே ஒட்டியிருக்கும் உண்ணியைப் பிடுங்கி எறிவது மேய்ப்பவருக்கு அன்றாட வேலை. அந்த அற்ப உயிரின் சில வகைகள், வேறு சில இடங்களில், உயிர்கொல்லும் இரத்தக்கசிவுக் காய்ச்சலைச் சுமந்து திரிகின்றன.

1957இல் அன்றைய மைசூர் மாநிலத்து ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டுப் பகுதியில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றுக் கிராமத்தாரும் கடுங்காய்ச்சலுக்கு ஆளாயினர். பூனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார், நோயாளிகளின் இரத்தத்தையும் இறந்த குரங்குகளின் உறுப்புகளையும் சுண்டெலிகளுக்குச் செலுத்தி ஆராய்ந்தே புதியதொரு வைரஸைக் கண்டறிந்தனர். 2011இல் குஜராத்தில் கிரிமியன்-காங்கோ காய்ச்சல் தோன்றியபோது, நோயாளிக்குப் பணிவிடை செய்த மருத்துவத் துறையினரும் மாண்டனர். இவ்வைரஸ் தொற்றிய ஆடுமாடுகளில் நோய்க்குறி தெரிவதில்லை. வளர்ந்த சாதாரண எலிகளும் நோயுறுவதில்லை. எனவே எதிர்ப்பாற்றல் குறைக்கப்பட்ட எலிகளையும், நம்மைப்போல் நோயுறும் குரங்கினத்தையும் ஆய்வாளர் நாடினர்.

இங்கேதான் அறத்தின் கேள்வி எழுகிறது. குரங்கு நம்மை ஒத்திருப்பதால்தான் அதன்மீது சோதனை பயன்தருகிறது. நம்மை ஒத்திருக்குமாயின், அதன் வேதனையும் நம் வேதனையை ஒத்ததன்றோ? ஆய்வை நியாயப்படுத்தும் அதே காரணம் ஆய்வாளரின் கையையும் தடுக்கிறது.

அப்படியாயின் ஆய்வையே விலக்கிவிடலாமா? மனிதருக்கு இக்கொடிய நோயை வேண்டுமென்றே தொற்றவைத்து மருந்தைச் சோதிப்பதை எந்த மனச்சாட்சியும் ஏற்காது. கியாசனூர் நோய்க்குக் கர்நாடகத்தில் நெடுங்காலம் போடப்பட்ட தடுப்பூசி போதிய பலன் தராமையால் 2022இல் நிறுத்தப்பட்டது. விறகும் சருகும் பொறுக்கக் காட்டுக்குள் செல்லும் ஏழைகளுக்கு நல்ல தடுப்பூசி வேண்டும். ஆய்வை முற்றாக மறுத்தால், அதற்குரிய விலையை அவர்களே தங்கள் உயிரால் செலுத்த நேரும்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் வரலாற்றையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் வரலாற்றையும் நபிமொழி வாயிலாக நாம் அறிவோம். நிர்ப்பந்தம் அனுமதிப்பதை நிர்ப்பந்தத்தின் அளவோடு நிறுத்த வேண்டும் என்பது மார்க்கச் சட்ட அறிஞர் வகுத்த நெறி. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவரும், வேறு வழியிருப்பின் விலங்கைத் தவிர்த்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல் என மூன்று விதிகள் வகுத்தனர். சிறு உயிரில் முடியும் சோதனைக்குப் பெரிய விலங்கைக் கூடியவரை தவிர்க்கவேண்டுமென 1960ஆம் ஆண்டின் நம் நாட்டுச் சட்டமும் கூறுகிறது.

ஆகவே, உயிர்காக்கும் தேவைக்காகச் செய்யப்படும் ஆய்வு பாவமன்று. தேவையின் எல்லையைக் கடந்த ஒரு ஊசியும், தணிக்கக்கூடியதாயிருந்தும் தணிக்கப்படாத ஒரு வேதனையும் அநீதியே. ஒரே சோதனையை வீணாக இருமுறை செய்பவன், ஓர் உயிரை வீணாக்கியவன். வாயில்லா ஜீவன் நம்மிடம் வழக்குரைக்க இயலாது. அதனாலேயே அதற்காகக் கணக்குக் கேட்கும் பொறுப்பு நம்முடையதாகிறது.