கை கொடுப்பதும் கைக்கு வேலை கொடுப்பதும்



நம்மவர் ஒருவர் நோயில் விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் நாம் செய்வன மூன்று. கடையடைத்த பிறகு நாலு பேராகச் சேர்ந்து போய்ப் பார்த்து வருகிறோம். வசதியற்றவராயின் ஒரு தொகை திரட்டிக் கொடுக்கிறோம். அவருக்காகத் துஆச் செய்கிறோம். மூன்றும் நல்லவை, மூன்றும் கடமைகள். ஆயினும் காய்ச்சல் பத்து நாளில் இறங்கிவிடும். பக்கவாதமும், நீரிழிவும், மூட்டு வாதமும், நடுக்கு வாதமும் பத்து நாளில் புறப்படுகிற விருந்தாளிகள் அல்ல, வீட்டோடு தங்கிவிடுபவை. அந்த நோயோடு ஒரு மனிதர் பத்து ஆண்டு, இருபது ஆண்டு வாழவேண்டியிருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு நாம் செய்யவேண்டிய உதவி எது? அவருடைய காரியங்களையெல்லாம் நாமே செய்து முடிப்பதா? அன்றி, அவர் தாமே செய்துகொள்ள வழி அமைத்துத் தருவதா?

கேள்வி சிறியதுபோல் தோன்றும். ஆனால் இதில் நான் ஒருமுறை தவறியவன். அதனாலேயே இதனை எழுத முற்பட்டேன்.

என் வீட்டில் நடந்தது

என் அத்தாவுக்கு ஜொகூர் பாருவில் மளிகைக் கடை. நாற்பது ஆண்டுகள் கல்லாவில் அமர்ந்தவர். ஒருநாள் சுபுஹுக்கு எழுந்தவருக்கு வலக்கையும் வலக்காலும் விளங்கவில்லை, நாக்கும் குழறிற்று. ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தார். வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

பிள்ளைகள் நாங்கள் குறை வைக்கவில்லை. சோற்றைப் பிசைந்து ஊட்டினோம். சட்டையை மாட்டிவிட்டோம். தண்ணீர் வேண்டுமென்று அவர் கண்ணைத் திருப்புமுன் தம்ளர் வாயருகே இருக்கும். கடைச் சாவியைத் தம்பி வாங்கிக்கொண்டான். கணக்குப் புத்தகம் என்னிடம் வந்தது. "பிள்ளைகள் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!" என்று வந்தவர்கள் மெச்சினார்கள். எங்களுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

நான்காம் மாதம் அத்தா பேசுவதை விட்டுவிட்டார். நோய் கூடவில்லை என்றார் டாக்டர். பின் என்ன? ஒருநாள் என் தாயாரிடம் மட்டும் தட்டுத் தடுமாறிச் சொன்னாராம்: "நான் மௌத்தாகி நாலு மாசம் ஆச்சு. அடக்கம்தான் பாக்கி."

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது எங்களை வேறோர் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் இளம் மலாய்ப் பெண்மணி. அவர் அத்தாவின் எதிரே தாழ அமர்ந்து, "பாக்சிக், எந்த வேலையை நீங்களே செய்யவேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். கையமர்த்திவிட்டார். வெகுநேரம் கழித்து அத்தா சொன்ன முதல் சொல், "ஒளு." இரண்டாவது சொல், "கல்லா."

நான்கு மாதமாக எங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. அவருக்கு என்ன வேண்டுமென்பது எங்களுக்குத் தெரியும் என்றே எண்ணியிருந்தோம்.

அதற்குப் பின் நடந்ததில் அற்புதம் ஒன்றுமில்லை. ஒளுச் செய்யும் இடத்தில் சாய்வுள்ள முக்காலி ஒன்றைப் போடச் சொன்னார். சுவரில் ஒரு பிடிகம்பி. திருகும் குழாய்க்குப் பதிலாகத் தட்டினால் திறக்கும் குழாய். சட்டை போடும்போது விளங்காத கையை முதலில் நுழைக்கவேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் கழற்றவேண்டும் என்று பழக்கினார். கரண்டிக் காம்பில் துணி சுற்றிப் பருமனாக்கினார். தட்டு நழுவாமல் அடியில் ரப்பர் விரிப்பு. கடையின் படம் ஒன்றை எடுத்துவரச் சொல்லி, கல்லாப்பெட்டியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றச் சொன்னார். களைப்பு வந்தபின் ஓய்வெடுப்பது தவறு, களைப்பு வருமுன்பே வேலையைக் கூறுபோட்டு இடையிடையே ஓய்வெடுக்கவேண்டும் என்றார். எங்களுக்கு அவர் இட்ட கட்டளை ஒன்றே: "அவர் பொத்தான் மாட்டப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் நீங்கள் சும்மா இருக்கவேண்டும்."

ஊட்டுவது எளிதாக இருந்தது. சும்மா இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

அத்தாவின் வலக்கை கடைசிவரை திரும்பவில்லை. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் காலை இரண்டு மணி நேரம் கல்லாவில் உட்கார்ந்தார். இடக்கையால் கோணல் எழுத்தில் பற்று எழுதினார். வாடிக்கைக்காரரோடு வாதாடினார். என் கணக்கில் தவறு கண்டுபிடித்து என்னைத் திட்டினார். அன்றைக்கு என் தாயார் அழுதது மகிழ்ச்சியால்.

இது என்ன தொழில்?

அந்தப் பெண்மணியின் தொழிலை ஆக்குப்பேஷனல் தெரபி என்பார்கள். மலாயில் 'பெமுலிஹான் சாரா கெர்ஜா'. தமிழில் தொழில்வழி சிகிச்சை எனலாம். தொழில் என்றால் சம்பாத்தியம் மட்டும் என்று கொள்ளற்க. குளிப்பது, உடுப்பது, சமைப்பது, தொழுவது, பேரப்பிள்ளையைத் தூக்குவது ஆகிய எல்லாம் இங்கே தொழிலே. டாக்டர் நோயைப் பார்க்கிறார்; இவர் அந்த நோயோடு கழியவேண்டிய நாளைப் பார்க்கிறார்.

இக்கலைக்குச் சங்கம் கண்டவர்களில் ஒருவரே நோயாளி என்பது கருதத்தக்கது. ஜார்ஜ் எட்வர்டு பார்ட்டன் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் காசநோயாலும் இடப்பக்க வாதத்தாலும் துன்புற்றவர். தச்சு வேலையாலும் தோட்ட வேலையாலும் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். 1917 மார்ச்சில் அவருடைய இல்லத்தில்தான் இத்தொழிலின் முதல் அமெரிக்கச் சங்கம் கூடிற்று. இந்தியாவில் 1950-இல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இதற்குப் பள்ளி நிறுவியவர் கமலா நிம்ப்கர் என்னும் அம்மையார். 1952-இல் உலகக் கூட்டமைப்பு தோன்றியபோது அதனைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களைப் பதிவு பெறவேண்டிய மருத்துவத் துணைத் தொழிலாளரில் சேர்த்திருக்கிறது.

வேலூர் தரும் பாடம்

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பெரும் சான்று உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் அறுவையால் நிமிர்த்தினார். ஊரே வியந்தது. ஆனால் நிமிர்ந்த கையோடு போனவர்களில் சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். காரணம் என்ன? முன்பு மடங்கிய கையை நீட்டினால் காசு விழுந்தது. நேரான கைக்குப் பிச்சையும் விழவில்லை. வேலை கொடுப்பாரும் இல்லை, வீட்டில் சேர்ப்பாரும் இல்லை.

கையைச் சீராக்கியது போதவில்லை, கைக்கு வேலையும் வேண்டும் என்று பிராண்ட் உணர்ந்தார். 1951-இல் கல்லூரி வளாகத்தில் ஓலைக் குடிசைகளோடு 'நவஜீவ நிலையம்' எழுந்தது. அங்கே தச்சு வேலை பழகினார்கள். மரப் பொம்மைகள் செய்தார்கள். அங்கேதான் ஓர் உண்மையும் துலங்கிற்று. விரல்கள் தேய்வது நோயே அவற்றைத் தின்பதால் அன்று, வலி தெரியாமையால். சூடான பாத்திரம் சுட்டாலும் தெரியாது. உளிப்பிடி உரசிக் கொப்புளித்தாலும் தெரியாது. இரவில் எலி கடித்தாலும் தெரியாது. ஆகவே கருவிகளின் பிடியை மாற்றினார்கள். நாள்தோறும் கைகளைச் சோதித்தார்கள். வீடு செல்பவர்களுடன் பூனையும் அனுப்பினார்கள்! நீரிழிவால் காலில் உணர்ச்சி அற்றவருக்கும் இதே பாடம்தான். மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசிய ஆய்வு, வயது வந்தோரில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்று கண்டது. இப்பாடம் நமக்கு வேண்டாததா?

அதே வேலூரில் மேரி வர்கீஸ் என்னும் இளம் டாக்டர் 1954-இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யப் பழகினார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். அவருடைய உழைப்பால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 'பாவம், ஓரமாக உட்காரட்டும்' என்று அவரை ஒதுக்கியிருந்தால், எத்தனை பேர் ஓரத்திலேயே கிடந்திருப்பார்கள்!

மூன்று மறுப்புகள்

"நோயாளியை வேலை வாங்குவது கொடுமையல்லவா?" என்பர் சிலர். வேலை யாருக்காக என்பதே இதற்கு விடை. மேனாடுகளின் பழைய மனநோய் விடுதிகளில் நோயாளிகளைக் கூலியின்றி உழைக்க வைத்து விடுதியை நடத்தியதும் உண்டு. அது சிகிச்சையின் பேரால் நடந்த சுரண்டல். நோயாளியே விரும்பித் தேர்ந்து, அவர் சக்திக்கு அளந்து, அவர் நலத்துக்காகச் செய்யும் வேலை வேறு.

"பெற்றவரைக் கடையில் உட்கார வைத்தால் ஊர் என்ன சொல்லும்?" என்பது இரண்டாவது. உண்மையைச் சொல்வோம்: இது தந்தையின் மானத்தைப் பற்றிய கவலையன்று, நம் மானத்தைப் பற்றியது. எங்கள் அத்தாவின் நான்கு மாத மௌனத்தில் பாதி, எங்கள் நற்பெயருக்கு அவர் கொடுத்த விலை.

மூன்றாவதே கனமானது. "வேலை செய்வதால்தான் மனிதனுக்கு மதிப்பு என்றால், ஒன்றுமே இயலாதவருக்கு மதிப்பில்லையா?" இக்கேள்வி நம்மை எச்சரிக்கவேண்டும். வியாபாரிகளாகிய நாம் எதையும் ஆதாயக் கணக்கில் எடைபோடப் பழகியவர்கள். மனிதரை அத்தராசில் ஏற்றக்கூடாது. கண்ணிமையை மட்டுமே அசைக்க வல்லவருக்கும் மதிப்பு முழு மதிப்பே. தொழில்வழி சிகிச்சை தேடுவது அவர் எவ்வளவு சம்பாதிப்பார் என்பதை அன்று; அவர் நாளில் அவருடைய விருப்பம் எவ்வளவு நடக்கிறது என்பதை. எந்தச் சட்டை, எப்போது உணவு, யாரைப் பார்ப்பது என்று கண்ணசைத்துச் சொல்லவும் ஒருவருக்கு உரிமை வேண்டும். இன்று ஓய்வே வேண்டும் என்று அவர் சொன்னால், அதுவும் அவருடைய தேர்வே.

நம் மார்க்கம் அறிந்த வழி

இது நமக்குப் புதியதன்று. நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்து தொழலாம். உட்கார இயலாதவர் படுத்துத் தொழலாம். 'நீ நோயாளி, உனக்குத் தொழுகை வேண்டாம்' என்று அவரை விலக்கவில்லை. கடமையை அவரிடமிருந்து பறிக்காமல், அவர் நிலைக்கேற்பக் கடமை வடிவம் கொள்கிறது.

அபூதாவூதில் வரும் செய்தியையும் நினைவுகூர்வோம். யாசகம் கேட்டு வந்த அன்சாரியின் வீட்டுப் போர்வையையும் கிண்ணத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் விட்டார்கள். ஒன்றுக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. அந்தக் கோடரிக்குக் காம்பைத் தம் கரத்தாலேயே பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்க அனுப்பினார்கள். அவர் நோயாளி அல்லர். எனினும் காம்பு பொருத்திக் கொடுப்பதே உதவி என்னும் நெறி இருவருக்கும் ஒன்றே.

நாம் செய்யத்தக்கன

கடைச் சிப்பந்திக்கு நீடித்த நோய் வந்தால், கையில் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்புவதோடு பொறுப்பு தீர்ந்ததென எண்ணவேண்டாம். மூட்டை தூக்க இயலாதவர் பொட்டலம் கட்டலாம். நிற்க இயலாதவர் உட்கார்ந்து கணக்கு எழுதலாம். பெர்கெசோ 2007 முதல் நோயுற்ற தொழிலாளர் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் நடத்துகிறது. சந்தா செலுத்தும் முதலாளிகள் விசாரித்தறிதல் நலம். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அழைத்து வரும்போது, மருந்துச் சீட்டோடு தொழில்வழி சிகிச்சைக்கும் பரிந்துரை கேட்போம். பள்ளிவாசல்களில் ஒளுச் செய்யுமிடத்தில் ஒரு பிடிகம்பியும் முதுகு சாயும் இருக்கையும் போடப் பெரும் செலவு ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது அவர் மகனிடம் "எப்படி இருக்கிறார்?" என்று கேட்பதை விட்டு, அவரிடமே கேட்போம். பதில் வர நேரமாகும். காத்திருப்போம். நாம் ஏந்திச் செல்லும் ஆரஞ்சுப் பழத்தைவிட அந்தக் காத்திருப்பு அவருக்கு இனிக்கும்.

அத்தா மௌத்தாகிச் சில ஆண்டுகள் ஆயின. அவருடைய கோணல் எழுத்துக் கணக்குப் புத்தகம் இன்றும் எங்கள் கல்லாவில் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில், வர வேண்டிய பாக்கி இரண்டு வெள்ளி என்று எழுதியிருக்கிறார். அந்தப் பாக்கியை நாங்கள் வசூலிக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவும் இல்லை.

வஸ்ஸலாம்.