ஆமை தேடிய இலை

ஆரெகானோ துளசி, புதினா குடும்பத்துச் செடி. மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் தானாக முளைப்பது. பீட்சாவின் மேல் தூவும் காய்ந்த இலையாகத் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. அதன் காரமான மணம் கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு பொருள்களால் வருவது. ஓமத்தின் நெடி தைமாலுடையது. சளி பிடித்த குழந்தைக்குக் கசக்கிச் சாறு கொடுக்கும் கற்பூரவள்ளியில் கார்வக்ரால் உண்டு. அந்த இரண்டின் வாசம் தெரிந்தவருக்கு ஆரெகானோ அந்நியச் செடி அல்ல. மேலை நாடுகளில் குதிரை வளர்ப்போர் சிலர் இந்த இலையைக் காயவைத்துத் தீவனத்தில் கலக்கிறார்கள். செரிமானம் சீராகும், மூச்சுக்கு இதமாகும், குடலில் வேண்டாத கிருமிகள் அடங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஒரு பிடி இலையைத் தொட்டியில் போடுவது சின்னச் செயல்தான். ஆனால் அதற்குள் மிகப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது: தனக்கு எது நல்லது என்று விலங்குக்குத் தெரியுமா? தெரியாது என்றால், அதற்காகத் தீர்மானிக்கும் மனிதருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

இந்த விவாதத்தில் ஆரெகானோ தொடக்கத்திலேயே வந்துவிட்டது. விலங்குகளைப் பற்றிய அரிஸ்டாட்டிலின் பெருநூலில், பாம்பைத் தின்ற ஆமை உடனே ஆரெகானோவைத் தேடிப் போய்த் தின்னும் என்ற செய்தி இருக்கிறது. அதோடு ஒரு சம்பவமும் சேர்ந்து வருகிறது. ஓர் ஆமை பாம்பைக் கடிப்பதும் இலையைத் தின்பதும் மறுபடி பாம்பிடம் போவதுமாக இருப்பதை ஒருவர் பார்த்தார், அந்தச் செடியை வேரோடு பிடுங்கிவிட்டார், ஆமை செத்துப்போயிற்று. நடந்ததோ இல்லையோ, இலைதான் ஆமையைக் காத்ததா என்று தெரிந்துகொள்ள இலையை நீக்கிப் பார்க்கும் எண்ணம் அந்தக் கதையிலேயே இருக்கிறது. அதற்கு விலை கொடுத்தது ஆமை. அதே இடத்தில், அம்பு தைத்த கிரீட் தீவுக் காட்டாடுகள் டிட்டனி என்ற இலையைத் தின்று அம்பை வெளியேற்றும் என்றும் வருகிறது. டிட்டனியும் ஆரெகானோவுக்கு நெருங்கிய உறவுச் செடி.

இந்தக் கதைகளைப் பின்வந்தவர்கள் இரு விதமாகப் படித்தார்கள். ஸ்டோயிக் என்ற தத்துவ மரபினர், விலங்குக்குத் தன் உடலைக் காக்கும் உணர்வு பிறப்பிலேயே உண்டு, அறிவு கிடையாது என்றார்கள். கோழிக்குஞ்சு பூனைக்குப் பயப்படுகிறது, நாய்க்குப் பயப்படுவதில்லை. யாரும் கற்பிக்காமலே அதற்கு அது தெரிகிறது என்று அந்த மரபின் செனெகா ஒரு கடிதத்தில் காட்டுகிறார். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் இதை ஏற்கவில்லை. நோய் வந்தால் மருந்தைத் தேடிப் போகும் உயிரிடம் அறிவு இல்லை என்று எப்படிச் சொல்வது என்பது அவர் பக்கத்து வாதம். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் மோன்டேஞ் அந்த ஆமையையும் ஆடுகளையும் மறுபடி அழைத்து வந்து, மனிதனின் செருக்குக்கு எதிராக நிறுத்தினார்.

அவருக்கு மறுப்பு எழுதியவர் தத்துவவாதி தெக்கார்த். 1646 நவம்பரில் நியூகாசில் பிரபு வில்லியம் கேவண்டிஷுக்கு எழுதிய கடிதத்தில், விலங்குகளுக்குச் சிந்தனை உண்டு என்ற மோன்டேஞின் கருத்தோடு தனக்கு உடன்பாடில்லை என்கிறார். விலங்குகள் சிலவற்றை மனிதனைவிட நன்றாகச் செய்கின்றன. கடிகாரமும் நம்மைவிடச் சரியாக மணி காட்டுகிறது அல்லவா என்பது அவர் உவமை. கடிதத்தைப் பெற்றவரோ அந்தக் காலத்தின் புகழ்பெற்ற குதிரைப் பயிற்சியாளர்களில் ஒருவர். 1658இல் ஆன்ட்வெர்ப்பில் குதிரையேற்றம் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டவர். குதிரைக்கு நினைவு உண்டு, அது நடந்ததை வைத்து முடிவெடுக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் தன் பயிற்சி முறையைக் கட்டியவர். தினமும் குதிரையின் முதுகில் இருந்தவருக்கும் மேசையில் இருந்தவருக்கும் ஒரே விலங்கு இரு விதமாகத் தெரிந்திருக்கிறது.

ஆமையின் கதை இன்று முற்றிலும் கதையாக இல்லை. 1987இல் தான்சானியாவின் மஹாலே மலைக்காட்டில், நோயுற்ற சிம்பன்சி ஒன்று வழக்கமாக உண்ணாத கசப்புச் செடியின் தண்டை உரித்து உள்ளிருந்த சாற்றை உறிஞ்சியதையும் மறுநாள் தெளிந்ததையும் மைக்கேல் ஹஃப்மேன் நேரில் கண்டு பதிவு செய்தார். விலங்குகளின் சுயமருத்துவம் இப்போது ஆய்வுத் துறையாகவே வளர்ந்திருக்கிறது. ‘குதிரைக்குத் தன் மூலிகை தெரியும்’ என்பவர்கள் இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள்.

அந்த வாதம் இடறும் இடம் ராக்வர்ட். ஐரோப்பிய மேய்ச்சல் நிலங்களில் மஞ்சளாகப் பூக்கும் இந்தச் செடி குதிரையின் ஈரலைக் கெடுக்கும். பச்சையாக நிற்கும்போது அதன் கசப்பால் குதிரை பெரும்பாலும் ஒதுக்கிவிடும். அதே செடி புல்லோடு அறுபட்டுக் காய்ந்துவிட்டால் கசப்பு குறைகிறது, நஞ்சு குறைவதில்லை. உலர்புல்லோடு சேர்த்துக் குதிரை அதைத் தின்றுவிடுகிறது. ஆகவே குதிரையின் அறிவு பொய்யல்ல. அது மேய்ச்சல் நிலத்தின் அறிவு. மனிதன் அறுத்து, உலர்த்தி, கலந்து லாயத்துக்குள் கொண்டுவந்தவுடன் அந்த அறிவின் பிடி நழுவுகிறது. மொலாசஸ் சேர்த்த தீவனத்தில் ஆரெகானோவைக் கலந்து வைத்தால் குதிரை தொட்டியை நக்கித் துடைத்துவிடலாம். அது இனிப்புக்குக் கிடைத்த சம்மதம். இலையைப் பற்றிக் குதிரை எதுவும் சொல்லிவிடவில்லை.

தீர்மானம் மனிதனுடையதாகிவிட்ட பின், அவனுடைய அறிவு எவ்வளவு நம்பத்தக்கது என்பது அடுத்த கேள்வி. விலங்குக்கு மருந்து தருவதை அறமாகப் போற்றிய மரபு இந்தியாவில் பழையது. மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம், இரண்டுக்கும் உதவும் மூலிகைகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொண்டுவந்து நடுதல் என்று அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு அறிவிக்கிறது. அதில் சோழ, பாண்டிய நாடுகளின் பெயரும் வருகிறது. பௌத்தம் வினையை எண்ணத்தில் வைத்துப் பார்க்கிறது. நல்லெண்ணத்தோடு கொடுத்தவருக்கு அது நல்வினையாகலாம். ஆனால் குதிரையின் குடலுக்குள் போவது எண்ணம் அல்ல, இலை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து பெரும் விலைக்கு வாங்கிய குதிரைகளுக்கு இங்கே சோற்றோடு இறைச்சி சமைத்துக் கொடுத்ததாகவும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை மடிந்ததாகவும் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது அப்படியே உண்மையென்றால், அந்தக் குதிரைகள் அலட்சியத்தால் சாகவில்லை. விலையுயர்ந்த விலங்குக்கு உயர்ந்த உணவு என்ற அக்கறையால் செத்தன.

அக்கறை பார்வையையும் மாற்றும். 1904இல் பெர்லினில் கூட்டல், கழித்தல் செய்வதாகப் பேர் வாங்கிய ஹான்ஸ் என்ற குதிரையை ஆராய்ந்த ஆஸ்கர் ஃபுங்ஸ்ட், கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை என்று கண்டார். கேட்பவரின் தலையசைவை, தம்மையறியாமல் அவர் செய்யும் நுண்ணிய அசைவை, அது படித்துக்கொண்டிருந்தது. குதிரையின் உரிமையாளரிடம் ஏமாற்றும் நோக்கம் இருக்கவில்லை. மூலிகை கொடுத்த உரிமையாளருக்கும் இதே நிலை வரலாம். இலையை நம்பியவர் குதிரையின் நடையில் தெளிவைக் காண்கிறார். தானாகவே குறையவிருந்த இருமல் இலையின் கணக்கில் சேர்கிறது. எது மருந்து, எது வெறும் தீவனம் என்று தெரியாதபடி மறைத்துச் சோதிக்கும் முறை விலங்கு மருத்துவத்துக்கு மிகவும் தேவைப்படுவது இதனால்தான். நோயாளி தானே பேசமாட்டார்.

சோதனைகள் இதுவரை தந்திருக்கும் பதில் அடக்கமானது. கண்ணாடிக் குழாயில் கார்வக்ரால் பல பாக்டீரியாக்களைக் கொல்கிறது. வளர்ச்சியைக் கூட்டத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் தடைசெய்த பிறகு, கோழிக்கும் பன்றிக்கும் ஆரெகானோ எண்ணெய் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பெருகின. முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. குதிரையிடம் நடந்த சோதனைகள் மிகச் சிலவே. அதோடு குதிரையின் வயிறு தனி அமைப்பு. நாரைச் செரிப்பது பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே. கிருமியைக் கொல்லும் எண்ணெய் நல்லது கெட்டது பார்த்துக் கொல்வதில்லை. அதிகமானால் குதிரையின் சோற்றுக்கே வினையாகலாம். காய்ந்த இலையில் எண்ணெய் நூற்றுக்குச் சில பங்குதான். பிழிந்தெடுத்த எண்ணெயோ வாயையும் வயிற்றையும் எரிக்கும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. விழுங்கியதைத் திருப்பித் தரும் வழியே அதற்கு இல்லை. செடியிலிருந்து வந்தது என்பதால் ஒன்று குற்றமற்றதாகிவிடாது: 2008 ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகளில், மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் உடலில் இருந்ததற்காகக் குதிரைகள் விலக்கப்பட்டன.

இவ்வளவுக்கும் பிறகு கொடுக்கத்தான் வேண்டும் என்றால், விலங்கின் மறுப்புக்கு இடம்விடும் முறை ஒன்று இருக்கிறது. வெறும் தீவனம் ஒரு தொட்டியில். இலை, இனிப்போ உப்போ சேராமல், தனியாக வேறு தொட்டியில். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்கு 7 முதல் 10 கிலோ வரை உலர்புல் வேண்டும். அது முதலில் குறைவில்லாமல் கிடைக்க வேண்டும், பசித்த விலங்கின் தேர்வு தேர்வாகாது. நோய் என்று தெரிந்தால் இலைக்கு முன் மருத்துவர். வயிறு நிறைந்த குதிரை இரண்டு தொட்டிகளையும் முகர்கிறது. ஒரு நாள் இலையை மெல்லும், இன்னொரு நாள் உதட்டால் தள்ளிவிட்டுப் புல்லுக்குத் திரும்பும். தள்ளிவிட்ட நாளில் அந்த இலையைத் தீவனத்தோடு பிசைந்து மறுபடி வைக்காமல் அள்ளி எடுத்துவிட வேண்டும்.