தெரிந்தவன் சொல்ல வேண்டியது

“பின் பிரேக் நல்லாப் புடிக்குமா நானா?”

“புடிக்கும் தம்பி.”

2022 ஓகஸ்ட் மாதத்தில், இரத்தினபுரியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு நான் சொன்ன பதில் இது. சொன்ன நேரத்தில் அது பொய்யல்ல. முற்றத்திலும் தெருவிலும் ஓட்டிப் பார்த்தபோது பிரேக் பிடிக்கத்தான் செய்தது. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அது ஒரு பழைய பஜாஜ் சேடக் ஸ்கூட்டர். 2020இல் ஊரடங்கு தளர்ந்த நாட்களில், உறவினர் ஒருவரின் விறகுக் கொட்டிலில் கிடந்ததைச் சொற்ப விலைக்கு வாங்கினேன். நான் மெக்கானிக் அல்லன். பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன். பாடசாலை மூடிக் கிடந்த காலத்தில் ஸ்பனரைக் கையில் எடுத்தேன். காபரேட்டர் ஜெட்டின் அடைப்பைக் கம்பியால் குத்தக் கூடாது, துளை பெருத்துவிடும், ஊதித்தான் எடுக்க வேண்டும் என்பதை ஒரு ஜெட்டைக் கெடுத்த பிறகே கற்றேன். சக்கரத்தின் ரிம் இரண்டு பாதிகளாகப் பூட்டப்பட்டது. காற்றை முற்றாக இறக்காமல் அந்த நட்டுகளைக் கழற்றினால் ரிம் தெறித்து முகத்தில் அடிக்கும். இதை மட்டும் ஒரு கராஜ்கார பாஸ் முன்கூட்டியே சொல்லிக் காப்பாற்றினார். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு இருபது மில்லிலீற்றர் ஒயில் கலந்து, வண்டியைச் சற்றுச் சாய்த்து நிமிர்த்தி உதைத்தபோது, புகை கக்கிக்கொண்டு அது உயிர்பெற்ற நாளின் சந்தோசத்தை எந்தப் பரீட்சையும் எனக்குத் தந்ததில்லை.

ஒரு குறை மட்டும் மிஞ்சியது. இந்த வண்டியில் கியர்பெட்டியின் அச்சு வெளியே வந்து பின் ட்ரம்மைச் சுழற்றும். அது வெளிவரும் இடத்தில் ஒரு ஒயில் சீல் உண்டு. வயதாகி அது இறுகிவிட்டால் கியர் ஒயில் கசிந்து பிரேக் ஷூவில் படியும். என் வண்டியில் அதுதான் நடந்தது. சீல் ஊரில் கிடைக்கவில்லை. ஷூவைப் பெற்றோலில் கழுவி, அரத்தாளால் தேய்த்துப் பூட்டினேன். பிடித்தது. ஆனால் ஷூவின் நுண்துளைகளுக்குள் ஊறிய ஒயில் கழுவினால் போவதில்லை. நீண்ட இறக்கத்தில் ட்ரம் சூடேறும்போது அது மேலே வரும். இதுவும் எனக்குத் தெரிந்திருந்தது.

வாங்க வந்த தம்பி இறக்குவானைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் இருப்பவர். டவுன் கடையொன்றில் வேலை. தாய் கொழுந்தெடுப்பவர், முழங்கால் நோவுக்கு மாதமொருமுறை ஆஸ்பத்திரி கிளினிக் போக வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போனது. தோட்டத்தில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய். பெற்றோல் லீற்றர் 450 ரூபாய். கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது கிழமைக்கு நான்கு லீற்றர். அதனால் மலையிலிருந்து இறங்குகிறவர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு உருள விடுவார்கள். அப்படி உருளும் வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில்தான். சீட்டுக் காசை இரண்டு முறை எண்ணித் தந்துவிட்டுத்தான் தம்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இரவெல்லாம் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். பழைய வண்டி வாங்குகிறவன் பார்த்துத்தானே வாங்க வேண்டும்? நம் நாட்டின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம்கூட, வியாபாரியல்லாதவன் விற்கும் பொருளின் தரத்துக்குப் பொதுவாக அவனைப் பொறுப்பாளியாக்குவதில்லை. எல்லாவற்றையும்விட இதமாக இருந்த வாதம் இதுதான்: நான் மெக்கானிக் இல்லையே, எனக்கென்ன தெரியும்?

விடியும்போது அந்தக் கடைசி வாதம்தான் என்னை அதிகம் வெட்கப்படுத்தியது. வண்டி உயிர்பெற்ற அன்று தெருவெல்லாம் ‘நானே செய்தேன்’ என்று சொல்லித் திரிந்தவன் நான். பெருமை வரும்போது அறிந்தவன், பொறுப்பு வரும்போது அறியாதவன் என்றால் அந்த அறியாமை எனக்கு நேர்ந்த ஒன்றல்ல. நானே எடுத்துப் போர்த்திக்கொண்டது. தொழில்காரனுக்குள்ள கடமைகள் எல்லாம் கைப்பழக்கக்காரனுக்கு இல்லாமலிருக்கலாம். ஆனால் தன் கை தொட்ட இடத்தில் அவன் எதைக் கண்டானோ, அதைக் காணாதவனாக அவன் ஆக முடியாது.

இதற்கு நம் ஊரிலேயே உரைகல் இருக்கிறது. பால் கலங்கினாற்போன்ற கெவுடாக் கற்களை ஒரு காலத்தில் இங்கே யாரும் மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை வாங்கிப்போய், 1500 பாகை செல்சியசுக்கும் மேலான சூட்டில் வைத்து நீலக்கல்லாக்கினார்கள். பிறகு அந்த வித்தை இங்கும் வந்தது. சூடேற்றிய கல்லை விற்பது குற்றமல்ல. சூடேற்றியதை மறைப்பதுதான் குற்றம். கல் வியாபாரத்தில் இதை அறியாதவர் இல்லை. நம் வீடுகளில் புழங்கும் ‘ஐபு’ என்ற சொல்லும் இதையே சொல்கிறது. பொருளின் குறைக்கும் மனிதனின் மானக்கேட்டுக்கும் அந்த ஒரே சொல்தான். பொருளில் உள்ள ஐபை மறைத்தால் அது மறைத்தவனின் ஐபு ஆகிவிடுகிறது.

காலையில் போன் எடுத்தேன், சிக்னல் இல்லை. பஸ்ஸில் இறக்குவானை போய், அங்கிருந்து தோட்டத்துக்கு நடந்தேன். தம்பி லயத்து வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்கு முன்னே அவருடைய ரப்பர் செருப்பைக் கண்டேன். வலது செருப்பின் அடி ஒரு பக்கமாகத் தேய்ந்து வாராகக் கிழிந்திருந்தது.

“அம்மாவ ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு எறங்கினேன் நானா. மூணாவது வளைவுல பின் பிரேக் இல்ல. முன் பிரேக்கயும் காலயும் வச்சி நிப்பாட்டினேன்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: “தெரிஞ்சு சொல்லலியா, தெரியாமச் சொல்லலியா?”

‘தெரியாமல்’ என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். பாடசாலை வாத்தியார்தானே, மெக்கானிக்கா என்று எனக்காக அவரே சமாதானமும் சொல்லியிருப்பார். “தெரிஞ்சுதான் தம்பி” என்றேன். உள்ளேயிருந்து அவருடைய தாய் பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

அமெரிக்கரான ரொபர்ட் பிர்சிக் மோட்டார் சைக்கிள் பராமரிப்பை வைத்து 1974இல் எழுதிய நூல் உலகப் புகழ்பெற்றது. மெத்யூ குரோஃபர்ட் கைவேலையின் மேன்மை பற்றி 2009இல் எழுதினார். திருத்துவது திருத்துகிறவனின் மனதுக்கு என்ன செய்கிறது என்பதே இருவருக்கும் பெரிய கேள்வி. எனக்கும் ஒரு காலம் அதுவே போதுமாக இருந்தது. ஆனால் வண்டி முற்றத்தை விட்டு வெளியேறியதும் கேள்வி இடம் மாறிவிடுகிறது. பின் சீட்டில் இருப்பவர் யார்? அவருக்கு நம் மனநிறைவால் என்ன பயன்?

சொல்லிவிட்டால் கடமை தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. ‘ஒயில் சீல் கொஞ்சம் கசியும் தம்பி’ என்று முற்றத்தில் சொல்லியிருந்தாலும், அது வளைவில் என்ன செய்யும் என்பது அவருக்கு விளங்கியிருக்காது. விளங்காத சொல்லைச் சொல்லிப் பொறுப்பைக் கைமாற்றுவது மறைப்பதன் இன்னொரு வகை. கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் சீலும் புதிய ஷூவும் தேடி வாங்கினேன். லயத்து வாசலில் சாக்கு விரித்து, ட்ரம்மை அவரையே கழற்ற வைத்து, ஒயில் வரும் வழியை விரலால் தொட்டுக் காட்டினேன்.

வண்டி இன்றும் ஓடுகிறது. தம்பி கண்டால் சலாம் சொல்லி நின்று பேசுவார். ஆனால் பிரேக்கைப் பற்றி என்னிடம் அவர் கேட்பதில்லை. தானே கழற்றிப் பார்த்துக்கொள்கிறார். வேலையைக் கற்றுக்கொண்டதாலா, என் சொல்லை இனி நம்ப வேண்டாம் என்று நினைப்பதாலா என்று நானும் அவரிடம் கேட்டதில்லை.