நாள் யாருடையது?

"ஒரு நாள்தானே, பள்ளிக்குப் போகாவிட்டால் என்ன?" என்று பெற்றோர் கேட்பது எளிய கேள்வியாகவே தோன்றும். கந்தூரிக்கு ஒரு நாள். உறவினர் நிக்காஹுக்கு இரண்டு நாள். பெருநாள் வியாபாரத்தின்போது கடையில் கைகொடுக்க ஒரு வாரம். உம்மா நோயுற்றால் மூத்த பெண்பிள்ளை இழக்கும் நாட்களையோ எவரும் எண்ணுவதே இல்லை. இக்கேள்விக்குள் மற்றொரு கேள்வி மறைந்திருக்கிறது. பிள்ளையின் நாள் யாருக்குச் சொந்தம்?

ஸஹீஹுல் புகாரியின் கல்வி இயலில் ஒரு செய்தி உண்டு. உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப்பகுதியில் அன்ஸாரித் தோழர் ஒருவருக்கு அண்டை வீட்டினராய் வாழ்ந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் அவைக்கு இருவரும் முறை வைத்துச் சென்றனர். ஒருநாள் இவர், மறுநாள் அவர். சென்றவர் திரும்பி வந்து, அன்றைய செய்தி அனைத்தையும் மற்றவருக்கு உரைப்பார். நாள்தோறும் செல்ல இயலாதவர்களும், செல்லாத நாளின் அறிவை இழக்க உடன்படவில்லை என்பதே இதில் நாம் காணும் பாடம்.

அவர்கள் முதிர்ந்தவர்கள், தவறியதைத் தாமே தேடிக் கொண்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அத்தகைய அண்டை வீட்டார் யார்? கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைத் திங்களன்று கற்பித்தால், செவ்வாயன்று அதன்மேல்தான் அடுத்த கணக்கு எழும். மதரஸாவில் ஷத்து கற்பித்த நாளில் வராத பிள்ளை, பின்வரும் வரிதோறும் தடுமாறும். தெரியாது என்று சொல்ல நாணும். அந்த நாணமே மறுநாளும் அதனை வீட்டில் நிறுத்தும். பள்ளியை விட்டு அடியோடு விலகும் பிள்ளைகள் பலர் இவ்வாறு சிறிது சிறிதாகவே விலகுகின்றனர்.

"வறுமை வாட்டும்போது என்ன செய்வது?" என்பது புறக்கணிக்கத் தக்க வினாவன்று. பசித்த பிள்ளை பள்ளிக்கு வாராது என்பதை உணர்ந்தே காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று, 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. 6 முதல் 14 வயது வரை கல்வி பிள்ளையின் உரிமை என 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆயினும் பிள்ளையின் உழைப்பை நம்பி ஒரு குடும்பம் வாழுமாயின், அத்தந்தையைக் கண்டிக்குமுன் ஜமாஅத் தன்னையே வினவிக்கொள்ள வேண்டும்: நம் ஜகாத்தும் ஸதக்காவும் அவ்வீட்டு வாயிலை எட்டினவா? ஆசிரியருக்கும் கடமை உண்டு. வராத பிள்ளை வந்ததும் பிரம்பைத் தேடாமல், விட்ட பாடத்தை அருகிருத்திச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.

பிள்ளைகள் நமக்கு அமானிதம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். பிள்ளை அமானிதமாயின் அதன் நாளும் அமானிதமன்றோ? அமானிதப் பொருளைத் தன் வசதிக்குச் செலவிட எவருக்கும் அனுமதி இல்லை. நிக்காஹை விடுமுறை நாளுக்கு மாற்றலாம். கடைக்குக் கூலியாள் வைக்கலாம். கடந்துபோன பாலப் பருவத்தை மீட்டுத் தர யாரால் இயலும்? இதனை உணர்ந்து நடக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!