கண்ணப்பரும் சிவகோசரியாரும்

அன்பு பெரிதோ, ஆசாரம் பெரிதோ என்னும் வினா சைவர்களுக்குப் புதியதன்று. அதனை விளக்குதற்கு நம் முன்னோர் எடுத்தாண்ட சரிதங்களுள் தலையாயது கண்ணப்ப நாயனார் சரிதமாம். அச்சரிதத்தைத் தெலுங்கு நாட்டார் சினிமாப் படமாகவும் ஆக்கினர். 1954 இல் எச். எல். என். சிம்ஹா இயக்கிய ‘காளஹஸ்தி மஹாத்யம்’ என்னும் படத்திலே கன்னட நடிகர் ராஜ்குமார் வேடராய்த் தோன்றினார். 1976 இல் பாபு இயக்கிய ‘பக்த கண்ணப்ப’ என்னும் படத்திலே கிருஷ்ணம் ராஜு அவ்வேடம் பூண்டார். சீகாளத்தி தெலுங்கு நாட்டுத் தலமாதலின், அந்நாட்டார் இச்சரிதத்தைத் தம்முடையதாகக் கொண்டாடுதல் முறையே.

அப்படங்களிலே பெரியபுராணத்துக்கு மாறுபட்டன பல. திண்ணனார்க்கு மனைவி ஒருத்தி வகுக்கப்பட்டமை அவற்றுள் ஒன்று. கதையை வளர்த்தற்பொருட்டுச் செய்த அதனை நாம் பெரிதுபடுத்தோம். நாம் ஆராயப் புகுந்தது வேறொன்று. அங்கே பூசகர் கபடராகக் காட்டப்படுகின்றார். குற்றமற்ற வேடர்மேற் பழி சுமத்துகின்றார்.

சேக்கிழார் சுவாமிகள் காட்டிய சிவகோசரியாரோ ஆகமவிதி வழுவாது நாடோறும் பூசித்துவந்த முனிவர். சந்நிதியிலே வெந்த இறைச்சியும் எலும்பும் கிடத்தலைக் கண்டு பதைத்தார். அவற்றை அகற்றி, பொன்முகலியில் நீராடி வந்து, சுத்திசெய்து பூசை முடித்தார். நாடோறும் அவ்வாறே நிகழக் கண்டு, இவ்வநுசிதத்தை ஒழித்தருளல் வேண்டுமென்று பெருமானிடத்து முறையிட்டார். அவர் துயரத்திலே சுயநலம் சிறிதுமில்லை. தாம் நேசித்த பொருளை எவரோ இழிவுசெய்கின்றார் என்றெண்ணிய அன்பே அவரை வருத்தியது. திண்ணனார் வாய்நீரால் திருமஞ்சனமாட்டியதும், தலையிற் சூடிய பூவைச் சாத்தியதும், ஊனைச் சுவைத்துப் பார்த்துப் படைத்ததும் அன்பினாலேயாம். ஆகவே அங்கே எதிரெதிர் நின்றவை விதியறிந்த அன்பும் விதியறியாத அன்புமேயாம்.

பெருமான் சிவகோசரியாரை நடத்திய முறையை நோக்குக. கனவிலே தோன்றி, அவ்வேடர் செயலெல்லாம் தமக்கு இனியனவென்று உணர்த்தி, மறைந்திருந்து காணும்படி பணித்தருளினார். ஆறாம் நாள், பெருமானது திருக்கண்ணில் இரத்தம் பெருகியதையும், திண்ணனார் தம் கண்ணை அம்பினால் இடந்து அப்பியதையும், மற்றைக் கண்ணையும் இடக்கப் புக்கபோது பெருமான் தடுத்தாட்கொண்டதையும் அவர் கண்ணாரக் கண்டார். அவர் தண்டிக்கப்பட்டிலர், பூசையினின்றும் நீக்கப்பட்டிலர், தாம் அறியாதிருந்த ஒன்றை அறியும்படி செய்யப்பட்டார்.

வஞ்சகப் பூசகர் உலகில் இலரோ எனின், உளர். பெரியபுராணத்தை 1852 இல் வசனமாக்கி அச்சிட்ட ஆறுமுக நாவலரே ஆகமமறியாத குருக்கண்மாரைக் கண்டித்தார். ஆயினும் இச்சரிதத்திலே பூசகரை வஞ்சகராக்கிவிட்டால், வினாவே அழிந்துபோகின்றது. வஞ்சகரினும் அன்பர் சிறந்தவர் என்பதை அறிதற்குப் புராணம் எதற்கு? பாலரும் அதனை அறிவர். படம் பார்ப்போர் பூசகரை வெறுத்து, தம்மைக் கண்ணப்பராக எண்ணிக்கொண்டு வீடு திரும்புவர். தம் நெஞ்சிலே திருத்தவேண்டுவது யாது என்று அவர்கள் வினாவப்போவதில்லை.

உண்மையிலே நம்மிற் பெரும்பாலார் சிவகோசரியார் நிலையில் நிற்பவர்களே. அவருடைய தவம்மாத்திரம் நம்மிடம் இல்லை. 1968 இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், தாழ்ந்த சாதியாரென ஒதுக்கப்பட்டோர் உட்சென்று வழிபட வேண்டி நின்றபோது தடுக்கப்பட்டனர். தடுத்தவர் யாவரும் கபடர் என்று சொல்லத் துணிவார் யார்? ஆலயத் தூய்மையைக் காக்கின்றோம் என்றே மனமார எண்ணியவரும் அவருள் இருந்திருப்பர். அத்தகையோர்க்குக் கபடப் பூசகர் கதை எதனையும் கற்பியாது. ‘நாம் கபடரல்லேம்’ என்று கூறித் தப்பிக்கொள்வர். சிவகோசரியார் சரிதமோ தப்பவிடாது. நல்லவரும், கற்றவரும், விதி தவறாதவரும் தம்முன் நின்ற பேரன்பை அறியாது அதனை அநுசிதமென்று தள்ளக்கூடும் என்று அது காட்டுகின்றது. வேடர் குலத்துக் கண்ணப்பர் திருவுருவத்தை அறுபத்துமூவர் வரிசையிலே வைத்துக் கைகூப்பும் நாம் இதனை மறத்தல் தகுமோ?

ஆசாரத்தை விடுக என்று நாம் கூறவில்லை. சிவகோசரியாரும் விட்டாரல்லர். ஆயின் பிறரொருவர் வழிபாட்டை இழிவென்று ஒதுக்கப் புகுமுன், அவர்போலச் சிறிதுபொழுது மறைந்திருந்து பார்த்தல் நம் கடனாம்.